கொங்குநாட்டு மலைகளிற் சமணச் சுவடும் சிவாலயச் சிறப்பும்

கொங்குநாடு மலைகளால் வேலி கோலப்பெற்ற நாடு. வடக்கே தலைமலை, மேற்கே வெள்ளிமலை, தெற்கே பழனியை அடுத்த வராகமலைத் தொடர், கிழக்கே குளித்தலை என இந்நாட்டிற்கு எல்லை வகுத்துரைத்தனர் முன்னோர். நாட்டின் நடுவிலும் குன்றுகள் பல உள. சென்னிமலை, சிவன்மலை, மருதமலை, திருச்செங்கோடு என்று ஒருவன் எத்திசை நோக்கி நின்றாலும் கண்ணெதிரே ஒரு மலையும், அதன் முடியில் ஒரு கோயிலும் தோன்றும். தேவாரம் பெற்ற தலங்கள் இந்நாட்டில் ஏழு. அவை அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி எனப்படும் திருநணா, திருச்செங்கோடு எனப்படும் கொடிமாடச் செங்குன்றூர், வெஞ்சமாக்கூடல், பாண்டிக்கொடுமுடி, கருவூர் ஆனிலை என்பன. இவற்றைச் சைவ மக்கள் நன்கறிவர். இவற்றின் அயலிலேயே, நடந்து சென்று காணும் தொலைவிலேயே, சமண முனிவர் உறைந்த குகைகளும் சமணக் கோயில்களும் இருப்பதை அறிந்தவர் சிலரே. அறிந்தவரிலும் அவற்றைச் சென்று கண்டவர் மிகச் சிலர்.

இவற்றைக் குறித்து நம்மவரிடையே இரண்டு பேச்சுக்கள் வழங்குகின்றன. திருஞானசம்பந்தப் பிள்ளையார் மதுரையில் வாதில் வென்ற அன்றே சமணம் தமிழ்நாட்டில் வேரற்றுப் போயிற்று என்பது ஒன்று. மேடையில் ஏறும் சைவச் சொற்பொழிவாளர் பலரும் இதனைக் கைத்தட்டலுக்காகவேனும் ஒருமுறை சொல்லாமல் இறங்குவதில்லை. மலைமேலிருக்கும் சிவாலயங்களும் முருகன் கோயில்களும் முன்னர்ச் சமணப் பள்ளிகளே, பின்னர்ப் பறிக்கப்பட்டன என்பது மற்றொன்று. இது புதியதாகக் கிளம்பிய பேச்சு. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையாயினும், கல்லைச் சென்று பாராமலே சொல்லப்படுவன என்ற அளவில் உடன்பிறந்தவை. கல் என்ன சொல்கிறது என்று காணும் பொருட்டே யாமும் நண்பர் இருவரும் அண்மையில் சில நாட்கள் அம்மலைகளை நாடிச் சென்றோம். கண்டவற்றையும், அவற்றைப் பற்றி அறிஞர் ஆய்ந்து வெளியிட்டவற்றையும் ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் சென்றது ஐவர்மலை. பழனிக்கு மேற்கே, கொழுமம் செல்லும் வழியின் அயலில் இம்மலை தனித்து நிற்கின்றது. இதன் பழம்பெயர் அயிரை. பதிற்றுப்பத்துள் அயிரை என்றொரு மலை சேரர்க்குரியதாகப் பாடப்பெறுகின்றது. அது இதுவே என்பாரும் வேறென்பாரும் உளர். கல்வெட்டில் இம்மலை திருவயிரை என்றே குறிக்கப்படுகின்றமையின் பெயர்ப் பழமையில் ஐயமில்லை. அயிரை என்னும் சொல் மக்கள் வாயில் தேய்ந்து ஐவர் ஆயிற்று. ஐவர் ஆனபின் அவ்வைவர் பாண்டவராகாமல் வேறு யாராவர்? பாண்டவர் வனவாசத்தில் இங்கே தங்கினர் என்ற கதையும், திரௌபதி அம்மன் கோயிலும் மலையில் உள்ளன. தமிழ்நாட்டில் சமணக் குகை இருக்கும் இடந்தோறும் பஞ்சபாண்டவர் படுக்கை, பஞ்சபாண்டவர் மலை என்ற பெயர் வழங்குவது யாவரும் அறிந்ததே. வரலாறு மறந்த மக்கள் மறவாத ஒரே கதை பாரதம் போலும்.

மலையின் ஒருபுறத்தே நீண்டு கிடக்கும் இயற்கைக் குகை ஒன்று உளது. அதன் நெற்றியில், மழைநீர் உள்ளே வடியாதபடி புருவம் போல் வெட்டிய விளிம்பின் கீழே, வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் பதினாறு புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. சிலர் அமர்ந்துள்ளனர், சிலர் நின்றுள்ளனர். தலைமேல் முக்குடை, இருமருங்கும் கவரி வீசுவோர், பார்சுவநாதர்க்குப் பாம்பின் படம் ஆகிய அடையாளங்களைக் கொண்டு இவர் யார் என்பதைச் சிறிது பழகியவரும் எளிதில் உணரலாம். கண்டவுடன் எமக்குத் தோன்றியது, அவ்வுருவங்கள் பெரிதும் சிதையாமல் இருப்பதே. முகங்கள் காற்றாலும் மழையாலும் தேய்ந்துள்ளன. ஆயினும் பகைமையால் உடைத்த அடையாளம் ஒன்றும் எம் கண்ணிற்குப் புலப்படவில்லை. அவற்றின் அருகே வண்ணப்பூச்சினால் தம் பெயரையும், தம் மனத்திற்கு இனியாளின் பெயரையும் எழுதிவைத்துச் சென்ற இக்காலத்து இளைஞர்களே அக்குகைக்குப் பெருந்தீங்கு செய்தவர். அவர்களுள் ஒருவரும் சமயப் பகை உடையர் அல்லர்.

இம்மலையின் சிறப்பு இங்குள்ள ஒரு கல்வெட்டினால் வந்தது. பாண்டியன் வரகுணனுடைய 8-ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 792-இல், அஃதாவது பொது ஆண்டு 870-இல், குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் என்பார் திருவயிரையிலிருந்த பார்சுவ படாரர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கி, அவற்றிற்கு அமுதுபடிக்கும் ஒரு சமண அடிகள் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பது அதன் செய்தி. பாண்டியர் வரலாற்றை ஆராய்வோர்க்கு இக்கல் ஒரு பெருநிதி. ஆட்சியாண்டும் சக ஆண்டும் ஒருங்கே குறிக்கப்பெற்றமையின், இரண்டாம் வரகுணன் 862-ஐ ஒட்டி அரியணை ஏறினான் என்று துணிவதற்கு இதுவே ஆதாரமாயிற்று. பாண்டிய மன்னர் பலருடைய காலக்கணக்கும் இவ்வோர் ஆணியில் தொங்குகின்றது. அவ்வாணியை அடித்து வைத்தவர் ஒரு சமண முனிவர்.

சைவர்க்கும் இச்செய்தி அயலானதன்று. வரகுணன் என்ற பெயரைத் திருக்கோவையாரிற் காண்கின்றோம். சிவபத்தியிற் சிறந்தவனாகப் பட்டினத்தடிகளும் வரகுணனைப் போற்றினர். அவ்வரகுணன் முதல்வனா இரண்டாமவனா என்பது ஆராய்ச்சியாளரிடையே நெடுநாள் வழக்கு. அது எவ்வாறாயினும் ஆகுக. பாண்டியர் சைவராயிருந்த நாளில், சம்பந்தப் பிள்ளையார் மதுரைக்கு எழுந்தருளி இருநூறு ஆண்டுகள் சென்ற பின்னர், பாண்டியன் ஆட்சியாண்டையே குறித்து ஒரு சமணக் குரவர் தம் தெய்வத் திருமேனிகளை அச்சமின்றிப் புதுக்குகின்றார், பொன்னும் வைக்கின்றார். புதுக்கினார் என்றமையால் அவை அதற்கு முன்னரே அங்கிருந்து பழமையுற்றன என்பதும் பெறப்படும். வேரற்ற சமயம் பழைய திருமேனியைப் புதுக்குதல் யாங்ஙனம்?

ஐவர்மலையிலிருந்து மேற்கே உடுமலைப்பேட்டை சென்று, அங்கிருந்து தெற்கே ஆனைமலைத் தொடரின் அடிவாரத்திலுள்ள திருமூர்த்திமலையை அடைந்தோம். மேலே பஞ்சலிங்க அருவி. கீழே, அருவிநீர் ஓடி வரும் ஆற்றின் கரையில், பெரும் பாறை ஒன்றைத் தன்னகத்தே கொண்ட அமணலிங்கேசுவரர் கோயில். மழைக்காலத்தில் வெள்ளம் கோயிலைச் சூழ்ந்து உள்ளேயும் புகும். அந்நாட்களில் இறைவனை நீர் மட்டுமே வழிபடுகின்றது என்று பூசகர் ஒருவர் எம்மிடம் நகைத்துக் கூறினார். ஆடிப் பெருக்கிலும் அமாவாசை நாளிலும் சுற்று வட்டத்து வேளாண் குடிகள் வண்டி வண்டியாக வருவதுண்டு. இன்று வண்டிக்கு மாறாகச் சிற்றுந்துகள் வருகின்றன.

அமணலிங்கம் என்னும் பெயர் யாரையும் நின்று சிந்திக்கச் செய்யும். அமணம் என்பது ஆடையின்மையையும், அமணர் என்பது சமணரையும் குறிக்கும். தலபுராண வழக்கு இதற்கு ஒரு விளக்கம் கூறுகின்றது. அத்திரி முனிவர் மனைவி அனசூயையின் கற்பைச் சோதிக்க மும்மூர்த்திகளும் விருந்தினராய் வந்து, ஆடையின்றி அமுது படைக்குமாறு கேட்டனர். அவ்வம்மை அவர்களைக் குழவிகளாக்கி அமுதூட்டினார். அதனால் இப்பெயர் என்பது. ஆராய்ச்சியாளரோ, பாறையிற் செதுக்கப்பட்டுள்ள உருவங்களில் அமர்ந்த நிலையிலிருப்பவர் தீர்த்தங்கரர் என்றும், பக்கத்திலிருப்போர் பணிபுரிவோர் என்றும், மூவராய் இருத்தல் பற்றிப் பிற்காலத்தார் மும்மூர்த்தியாகக் கொண்டனர் என்றும் உரைப்பர்.

எம் கருத்து யாதெனின், பெயரும் உருவமும் ஒருங்கு சேர்ந்து ஒன்றையே சுட்டும்போது அதனை மறுத்தற்குக் காரணம் இல்லை என்பதே. பாறையிலுள்ள உருவம் சமணருடையதாயின் சிவபெருமானுக்கு அதனால் வந்த குறை யாது? எங்கும் நிறைந்த பொருளை ஒரு பாறையில் வழிபடுவோர், அப்பாறையில் முன்னர் வேறொருவர் தம் குருவை வழிபட்டார் என்று அறிதலால் இழப்பது ஒன்றுமில்லை. மற்றொன்றும் நோக்கற்பாலது. இம்மக்கள் சமணப் பெயரை அழித்துவிடவில்லை. அமணர் என்ற சொல்லை லிங்கத்தோடு சேர்த்துத் தம் இறைவனுக்கே நாமமாகச் சூட்டினர். பகைகொண்டு பறித்தவர் பகைவர் பெயரைத் தம் தெய்வத்தின் தலைமேல் ஏற்றி வைப்பரோ?

அற்றேல், மலைக்கோயில்கள் யாவும் சமணப் பள்ளிகளே எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. பெயர், உருவம், கல்வெட்டு இவற்றுள் ஒன்றேனும் சான்று பகர்ந்தாலன்றி அவ்வாறு கூறுதல் வெறும் வாய்ச்சொல். செங்கோட்டை எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரக் குன்றக்குரவையில் முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாகச் செங்கோடு கூறப்படுகின்றது. அந்நூலாசிரியர் சமணத்துறவி என்பதே பெரும்பாலோர் கொள்கை. அவர் காலத்திலேயே அஃது முருகனுக்குரிய குன்றெனின் பறிக்கப்பட்டது எப்பொழுது? ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் அங்கு எழுந்தருளி மாதொரு பாகனைப் பாடினார். அக்காலத்து அந்நிலத்தில் பரவியிருந்த பனிச்சுரம் அடியார்களை வருத்த, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் அருளி அதனை நீக்கினார் என்பர் சேக்கிழார். அவிநாசியில் முதலை உண்ட பாலனைச் சுந்தரர் மீட்டதும், முருகன்பூண்டியில் சேரமான் பெருமாள் ஈந்த பொன்னையும் மணியையும் சிவகணங்கள் வேடராய் வந்து பறித்ததும் கொங்குநாட்டுச் சிறுவரும் அறிந்த கதைகள். இவ்வேழு தலங்களின் சைவப் பழமைக்கும் பாட்டே சான்று. அப்பாட்டைத் தள்ளிவிட்டு வெறும் ஊகத்தை ஏற்போர் தம்மை ஆராய்ச்சியாளர் எனக் கூறிக்கொள்ளுதல் வியப்பே.

இனி, சமணர் இந்நாட்டு மலைகளை ஏன் நாடினர் என்பதற்கு விடையை நாட்டின் வடகீழ்ப் பகுதியிற் கண்டோம். ஈரோட்டிற்குத் தெற்கே அறச்சலூர் என்றோர் ஊர். அதனை அடுத்த மலையில், மக்கள் ஆண்டிப்பாறை என வழங்கும் இடத்தில், ஒரு சிறு குகையும் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துக்களும் உள்ளன. 1960-ஐ ஒட்டிப் புலவர் செ. இராசு அவர்கள் இவற்றைக் கண்டு உலகறியச் செய்தனர். எழுத்துக்களின் காலம் பொது ஆண்டின் 2-ஆம் நூற்றாண்டிற்கும் 4-ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டது என்பர். மூன்று கல்வெட்டுக்களுள் இரண்டு, தகர ஓசைகளை வரிக்கு ஐந்தாக ஐந்து வரியில் அடுக்கியவை. இடமிருந்து வலமாகப் படிப்பினும் மேலிருந்து கீழாகப் படிப்பினும் ஒன்றே போல் அமையும். கூத்திற்கோ இசைக்கோ உரிய தாளக் கட்டு இவை எனக் கருதுகின்றனர். மூன்றாவது, இவ்வெழுத்துக்களைப் புணர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயர் கூறுகின்றது.

வண்ணக்கன் என்பது பொன்னையும் நாணயத்தையும் மணியையும் நோட்டம் பார்ப்பவன் பெயர். சங்கப் புலவருள்ளும் வண்ணக்கன் என்ற அடை பெற்றோர் உளர். மணி நோட்டம் பார்ப்பவனுக்கு இம்மலையில் என்ன வேலை என்று கேட்பார்க்கு, நொய்யற்கரையிலுள்ள கொடுமணல் விடை கூறும். சென்னிமலையை அடுத்த அவ்வூரில் 1985 முதற்கொண்டு நிகழ்ந்த அகழாய்வுகளில், மணி செய்யும் பட்டறைகளும், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும், தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்துள் கொடுமணம் என அணிகலனுக்குப் பேர்பெற்ற ஊர் இதுவே என்பர். படியூர்ப் பச்சைக்கல் உரோமாபுரி வரை சென்றது. உரோமாபுரிப் பொற்காசு கொங்குநாட்டு மண்ணிற் புதைந்து இன்றும் ஏர்முனையில் அகப்படுகின்றது. மேலைக்கடற் பட்டினங்களிலிருந்து பாலைக்காட்டுக் கணவாய் வழியாகக் கருவூர்க்கும் அப்பால் சோழநாட்டிற்கும் சென்ற பெருவழி இந்நாட்டின் ஊடே சென்றது. வணிகர் சென்ற வழியிலே சமண முனிவரும் சென்றனர். வணிகர் ஈந்த உணவை உண்டு, அவர் வெட்டுவித்த படுக்கையிற் கிடந்து, அவர்க்கு அறம் உரைத்தனர்.

இதற்கு ஐயமற்ற சான்று காவிரிக்கரையிலுள்ள புகழூர். இன்றைய வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டார் மலையின் உச்சியில் அருணகிரிநாதர் பாடிய முருகன் கோயில். மலையின் இடையே பாறைச் சரிவில் கற்படுக்கைகள். அங்குள்ள கல்வெட்டு, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமண முதியவர் உறையும்பொருட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோவின் மகன் இளங்கடுங்கோ இளங்கோவாக ஆனபோது அறுத்துக் கொடுத்த கல் எனக் கூறுகின்றது. பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துக்களின் தலைவர்களே இம்மூவர் என அறிஞர் பலர் ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் செய்வித்த படுக்கையும் அங்கு உண்டு. வேந்தனும் வணிகனும் ஒரே பாறையில் ஒரே துறவியர்க்குப் பணிசெய்திருக்கின்றனர். யாம் சென்றபோது முருகனுக்குப் பால்குடம் எடுத்து வந்த பெண்டிர் இருவர் வெயிலுக்கு அஞ்சி அப்படுக்கையில் அமர்ந்து இளைப்பாறினர். கல்லின் குளிர்ச்சி அன்றைய முனிவர்க்கும் இவ்வாறே உதவியிருக்கும்.

இவ்விடத்து ஒன்று கூறவேண்டும். எழுத்துள்ள பாறைகளின் அயலில் கல் உடைத்தல் தமிழ்நாடெங்கும் பெருகி வருகின்றது. வேட்டுக்கு விரிந்த பாறை மீண்டும் ஒட்டாது. ஒரு நாயன்மார் திருமேனி களவு போயிற்றெனின் ஊரே திரண்டு நிற்கின்றோம். ஆயிரத்தெண்ணூறு ஆண்டு நின்ற எழுத்து சல்லியாகிச் சாலைக்குப் போனால், அது சமணருடையது தானே என்று நம்முட் சிலர் வாளாவிருக்கின்றனர். சேரமான் பெருமாள் நாயனார் தோன்றிய குலத்தின் முன்னோர் பெயரைத் தாங்கும் கல் அது என்பதை அவர்க்கு யார் நினைவூட்டுவது?

இறுதியாகச் சென்றது விசயமங்கலம். இது மலையன்று, சென்னிமலையின் வடக்கே விரிந்த சமநிலம். ஆயினும் கொங்குச் சமணத்தின் தலைநகர் இதுவே என்னலாம். மக்கள் நெட்டைக் கோபுரம் என்றும் பஸ்தி என்றும் வழங்கும் இக்கோயிலில் எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரபர் எழுந்தருளியுள்ளார். பிறை அவர்க்கு அடையாளம். அதே ஊரில் நாகேசுவரர் கோயிலும் விசயபுரி அம்மன் கோயிலும் உள. கோயில் மண்டபத்துத் தூண் ஒன்றில் ஒரு பெண்ணின் நினைவு பொறிக்கப்பட்டுள்ளது. அவர் பெயர் புள்ளப்பை. கங்க மன்னர்க்கு அமைச்சராய் இருந்து, 981-ஐ ஒட்டிச் சிரவணபெள்குளத்தில் 57 அடி உயரமுள்ள கோமட்டேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கையார் அவர். தமையனார் மலையையே மேனியாகச் செய்வித்தார்; தங்கையார் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்து ஒரு தூணில் நிசீதிகையாக நின்றார். இரண்டையும் கண்டவர், எம்மைப் போலவே, தூணின் முன் சிறிது நேரம் கூடுதலாக நின்றிருப்பர்.

பெருங்கதை பாடிய கொங்குவேளிர் இவ்வூரினர் என்பது வழக்கு. அவர் நூலை அரங்கேற்றியபோது புலவர் எழுப்பிய தடைகளுக்கு அவர் மனையிற் பணிசெய்த வெள்ளாட்டி ஒருத்தியே விடையிறுத்தாள் என்று ஒரு கதையும் உண்டு. சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் இதனையடுத்த நிரம்பையில் தோன்றியவர். அவர் சமயம் யாதெனத் துணிதல் அரிது. கொங்குமண்டல சதகம் பாடிய கார்மேகக் கவிஞரும் இவ்வூர்ச் சமணரே. அவர் தம் சமயத்துப் புலவரைப் போற்றியதோடு நில்லாமல், அவிநாசியில் சுந்தரர் செய்த அற்புதத்தையும் பாடினார். ஒரு சமணர் நாயன்மார் பெருமையைத் தம் நாட்டுப் பெருமையாகக் கொண்டு பாடியதைத் திருச்செங்கோட்டு முத்துசாமிக் கோனார் பதிப்பித்து நமக்கு அளித்தனர்.

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய செய்தி இவற்றோடு எவ்வாறு பொருந்தும் என்று நண்பர் ஒருவர் வினவினார். பெரியபுராணம் கூறுவதை மறைத்தல் தகாது. அதனை மிகைப்படுத்தி மகிழ்தல் அதனினும் தகாது. அந்நிகழ்ச்சிக்குச் சமகாலக் கல்வெட்டு ஒன்றும் இதுகாறும் கிடைத்திலது. கழுவேற்றியவன் பாண்டியன் என்றே சேக்கிழார் கூறுகின்றார். பதிகத்துப் பத்தாம் பாட்டில் சமண சாக்கியரை மறுத்துரைத்த சொற்கடுமையும் மறுக்க முடியாததே. அது வாதக் களத்துச் சொல். நாவரசரும் தருமசேனராய்ச் சமணர் நடுவே தலைமை பெற்றிருந்தவர்தாம். கொங்குநாட்டைப் பொறுத்தவரை எம் கண்ட கற்கள், 870-இல் புதுக்கப்பெற்ற திருமேனியையும், பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய நிசீதிகையையும், பன்னிரண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டுகளின் சந்தியில் எழுந்த ஓர் இலக்கண நூலாசிரியரையும், அதன் பின்னும் நெடுநாள் கழித்துத் தோன்றிய சதகப் புலவரையும் காட்டுகின்றன. சம்பந்தருக்குப் பின் சமணம் இந்நாட்டில் பல நூறு ஆண்டு வாழ்ந்தது. பின்னர்த் தளர்ந்தது வாளால் என்று கூறும் கல் ஒன்றையும் யாம் கண்டிலம். பழைய வணிகப் பெருவழிகள் மாறின. கங்கர் அரசு வீழ்ந்தது. பத்தி இயக்கத்தின் பாட்டு உழவர் வாய்வரை சென்றது. துறவையே முதன்மையாக வற்புறுத்திய சமயத்திற்கு இல்லறத்தார் குறைந்தனர். காரணங்கள் இவையாகலாம் என்பது எம் கருத்து.

மேலே கூறிய இலக்கண நூல் நன்னூல். அதன் ஆசிரியர் பவணந்தி முனிவர், சீயகங்கன் வேண்ட அந்நூலைச் செய்தார். அவர் ஊர் சனகாபுரம். பெருந்துறைக்கு அணித்தேயுள்ள சீனாபுரமே அது என்பது கொங்கு வழக்கு. நூலின் எழுத்ததிகாரம் அசோக மரநிழலில் அமர்ந்த இறைவனை வணங்கித் தொடங்குகின்றது. இளமையில் மடத்துத் திண்ணையில் நெற்றி நிறையத் திருநீறு அணிந்த யாங்கள் பலரும் அருகக் கடவுளை வாழ்த்தும் அவ்வாழ்த்தை உரக்க ஓதியே தமிழ் கற்றோம். ஆசிரியர் அதனை ஓதாது விடச் சொன்னதில்லை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், சிவஞானபோதத்திற்கு மாபாடியம் வகுத்த அதே கையால், சங்கர நமச்சிவாயர் இயற்றிய நன்னூல் விருத்தியைத் திருத்தி விரித்தார். 1785-இல் இறைவனடி சேர்ந்த அவர், பரசமயக் கொள்கைகளை மறுப்பதில் இணையற்றவர். அவருடைய மாணாக்கர் கச்சியப்ப முனிவரே நம் பேரூருக்குப் புராணம் பாடியவர். அம்மடத்திலேயே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1918-இல் நன்னூல் மயிலைநாதர் உரையையும், 1924-இல் பெருங்கதையையும் அச்சேற்றினார்கள். சிந்தாமணியிற் சமணக் கொள்கை விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமண இல்லங்களுக்குச் சென்று, தரையில் அமர்ந்து, கேட்டுத் தெளிந்தார்கள். மறுக்கவேண்டுமாயினும் முதலில் அறியவேண்டும் என்பது மடத்து முறை. சிவஞான சித்தியார் பரபக்கத்தைப் பயின்றவர்க்கு இது புதிதன்று. அங்கே ஆருகதர் மதம் எடுத்துரைக்கப்பட்ட பின்னரே மறுக்கப்படுகின்றது.

சீனாபுரத்தில் ஆதிநாதர் கோயில் உளது. பெருந்துறையிலிருந்து வடக்கே சிறிது தொலைவு. யாம் சென்ற பிற்பகலில் கோயிலில் ஆளரவம் இல்லை. நண்பர் ஒருவர், முப்பது ஆண்டு நன்னூல் கற்பித்தவர், வாயிற்படியில் அமர்ந்து பதவியலை முதலிலிருந்து மெல்ல ஓதத் தொடங்கினார். நடுவே ஒரு சூத்திரம் தடைப்பட்டது. மற்றவர் எடுத்துக் கொடுத்தார். பெருந்துறைப் பேருந்து வரும் வரை அது நடந்தது.